மூணு குருவித் தோரணம்

1

தனுஷ்கோடியக் கடல் கொண்டுக்கிட்டுப் போச்சே, அந்த மார்கழிக்கு அடுத்த தை மாசம். வருசம் எத்தனைன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. ரயிலோட சனம் போயிருச்சுன்னு ரேடியோவுல சொன்னான். இங்க மலாயாவுல, தோட்டத்துக் கணக்கு எழுதுற கிராணி வீட்டு வாசல்ல நாங்க அம்புட்டுப் பேரும் நின்னு கேட்டோம். ராமநாதவரத்து ஆளுக நாலஞ்சு குடும்பம் இருந்துச்சு, அன்னைக்கு அவுக வீட்டுல அடுப்பு எரியல. அந்தத் துக்கம் ஆறுறதுக்குள்ள, ஒரு மாசத்துக்குள்ளாற, எம் மக வள்ளிக்குக் கலியாணம். கலியாணத்தன்னைக்குக் காலையில பந்தல் வாசல்ல நான் ஒன்னு பாத்தேன். பாத்தத வீட்டுல யார்கிட்டயும் சொல்லல. பன்னண்டு வருசம் ஆச்சு. இப்பச் சொல்லுறேன்.

ஊர்க்கோயிலுக்குக் கும்பாபிசேகம் நடக்குது, அதுக்கு ஒரு மலர் போடுறோம், வெளிநாட்டுல இருக்கிற நேமத்தான்பட்டிக்காரவுக அங்க பொழப்பு எப்படின்னு நாலு பக்கம் எழுதி அனுப்புங்கன்னு கடுதாசி வந்துச்சு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாத்தியாரு, நீங்க சொல்லுங்க ஆசாரியாரே, நான் எழுதுறேன்னாரு. சொன்னது சொன்னபடியே எழுதணும்னேன். சரின்னாரு. நடுநடுவுல நம்பர் போட்டுக்கிறேன், படிக்கிறவுகளுக்கு லேசா இருக்கும்னாரு. போட்டுக்கங்கன்னேன். ஒவ்வொரு நம்பர் முடியவும் திருப்பிப் படிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கிறேன். நல்ல மனுசன்தான். இருந்தாலும் எழுத்து தெரியாதவன் கேட்டுக்கிறதுதான் புத்தி.

மலர் போடுறவுகளையும் ஒன்னு கேட்டுக்கிறேன். இதுல கோயிலப் பத்தி ஒன்னும் இல்லையேன்னு வெட்டிப்புடாதீக. வெட்டிருவீகன்னு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு.

2

நான் ஆறுமுகம், ஆசாரி. கெழக்குத் தெருப் பெரிய வீட்டு நெலைக்கதவப் பாத்திருப்பீக. அதுல வலது கை நெலை நான் செதுக்குனது, இடது கை நெலை வயிரவன் செதுக்குனது. வயிரவன் என் வீட்டுக்காரி விசாலத்தோட தம்பி, கல்லல்காரன். எனக்கு எட்டு வயசு எளையவன். தொழிலு எங்கிட்டத்தான் படிச்சான். கை எனக்கு மேல ஓடும், வாயி அதுக்கும் மேல ஓடும்.

அந்த நெலைக்கு என்ன செதுக்குறதுன்னு முதலாளி ஒரு காகிதம் குடுத்தாக. கப்பல்ல வந்த ஏதோ சாமானச் சுத்தியிருந்த காகிதம். அதுல ஒரு எலை போட்டிருந்துச்சு. நடுவுல ஒரு தண்டு, ரெண்டு பக்கமும் சின்னச் சின்னதா வரிசை எலை, நுனி மட்டும் உள்ளுக்குள்ள சுருட்டிக்கிட்டு நிக்குது. இது என்ன மரத்து எலை முதலாளின்னு கேட்டேன். தெரியாதுப்பா, சீமையில இருக்கும்னாக. தெரியாத எலைய எப்படிச் செதுக்குறது? அடி எப்படி, மொனை எப்படின்னு தெரிய வேணாமா? எனக்கு அந்தக் காகிதத்து மேலயே நம்பிக்கை வரல. வயிரவன் அத வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இது எலையே இல்ல மச்சான், பூரான். வாலச் சுருட்டிக்கிட்டுக் கெடக்கு"ன்னான். முதலாளிக்குக் கேட்டுருச்சு. சிரிச்சுட்டுப் போயிட்டாக. அதுலயிருந்து அதுக்குப் பூரான்னே பேராச்சு. இன்னைக்கு எத்தனை பூரான்டான்னு ஒருத்தர ஒருத்தரு கேட்டுக்கிட்டு ஆறு மாசம் செதுக்குனோம்.

அப்புறம் வேலை சுருங்கிப் போச்சு. சப்பான்காரன் வர்றதுக்கு முந்தி ரெண்டு பேரும் நாகப்பட்டினத்துல கப்பலேறுனோம். விசாலமும் எங்கூட வந்தா. வயிரவன் கைக்கொழந்தையா மகன விட்டுட்டு ஏறுனான். ஏறுன நாள்லயிருந்து வாந்தி. தண்ணி கூடத் தங்கல. செத்தா என்னையக் கடல்ல போட்டுராதீக மச்சான், எனக்கு நீச்சத் தெரியாதுன்னான். அந்த நெலையிலயும் அப்படித்தான் பேசுவான்.

தோட்டத்துக்கு வந்த மறுநாளு ஓடைக்குக் குளிக்கப் போனோம். கரை பூரா அந்த எலை. ஆளு ஒசரத்துக்கு, காடா மண்டிக் கெடக்கு. நுனியெல்லாம் சுருட்டிக்கிட்டு நிக்குது. வயிரவன் இடுப்புத் தண்ணியில நின்னுக்கிட்டு அதையே பாத்தான். "மச்சான், ஆறு மாசம் உசுரக் குடுத்தோமே, பூரான் இங்க சும்மா மொளைச்சுக் கெடக்கு"ன்னான். பெரணின்னு இங்க தமிழாளுக சொன்னாக. நம்ம பக்கம் கெணத்து உள்சொவத்துல வெரக்கடை ஒசரத்துக்கு ஒன்னு மொளைக்குமே, அதுவும் இந்த இனந்தானாம். அதுக்குள்ள இம்புட்டு வெசயம் இருக்கும்னு யாரு கண்டா?

3

இங்க பொழப்பு எலையோடதான். மொதல்ல பால்மரம், அதான் ரப்பரு. அப்புறம் அத வெட்டிட்டு எண்ணெய்க்குச் செம்பனை வச்சான். செம்பனை மட்டை பூரா முள்ளு, ஒரு மட்டை மேல விழுந்தா ஆளு எந்திரிக்க முடியாது. நான் வெட்டுற வேலைக்குப் போகல. தோட்டத்துத் தச்சன். தோட்டத்தாளுக இருக்கிற வரிசை வீட்ட லயம்பாக, அந்த லயத்துக் கதவு, சன்னலு, தொட்டிலு, அப்புறம் சவப்பெட்டி.

பெரணியில நம்மாளுக கூட்டு வைக்கிறாக. சுருட்டுன நுனியக் கிள்ளிட்டு வந்து, தேங்காப்பாலு ஊத்தி, நெத்திலி போட்டு. மலாய்க்காரவுகளப் பாத்துப் படிச்சது. எம் மக அத உசுரா திம்பா. நான் தொடுறதில்ல. தலைய உள்ளுக்குள்ள சுருட்டி வச்சுக்கிட்டு இருக்கிறது எதுவா இருந்தாலும் எனக்கு ஆகாது. அதுல இன்னொரு சாதி இருக்கு, மலாய்ல ரேசம்னு சொல்லுவாக. தண்டு கருப்பா கம்பி மாதிரி இருக்கும். அத நசுக்கி உள்ளுக்குள்ள இருக்கிற நரம்ப உருவுனா நல்ல நாரு. இங்க பொறந்த புள்ளைக எதைக் கட்டணும்னாலும் அந்த நாருலதான் கட்டும். வயிரவனும் நானும் கடைசி வரைக்கும் வாழைநாருதான். கை பழகிப்போச்சு.

சவப்பெட்டின்னு சொன்னேன்ல. ஊர்லன்னா பச்சைத் தென்னமட்டையப் பின்னிப் பாடை கட்டி முடிச்சிரலாம். இங்க பெட்டி வேணும். பெட்டி செய்யப் போற ஆளுதானே பந்தலையும் போடணும், தோரணத்தையும் கட்டணும்? அந்த வேலையும் என் தலையில விழுந்துச்சு. மகன் செல்வம் பத்து வயசுலயிருந்து என்கூட வருவான். நான் பெட்டிக்கு ஆணி அடிக்கயில அவன் ஒக்காந்து குருத்தோலை மடிப்பான். நல்லா வரும் அவனுக்கு. ஓலையப் பிடிச்சான்னா பாத்துக்கிட்டே இருக்கலாம். ரெண்டு மடக்கு, ஒரு கிழி, குருவி ஆகிரும்.

தோரணம் எப்படின்னு ஒங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஆனா இத இங்க படிக்கிறவுக யாராச்சும் இருந்தா அவுகளுக்காகச் சொல்லுறேன். நல்ல காரியம்னா ஒரு ஓலைக்கு நாலு குருவி, தலை மேல பாக்கணும். கெட்டதுன்னா மூணு குருவி, தலை கீழ தொங்கணும். நம்ம பக்கம் பஸ்ல போகயிலேயே பாத்துச் சொல்லிருவாக. ஊருக்கு வந்திருந்தப்பக் கூட, மானகிரிகிட்ட ஒரு வாசல்ல தொங்குனதப் பாத்துட்டு முன்சீட்டு ஆத்தா தலையில அடிச்சுக்கிட்டாக, இன்னாரு போயிட்டாரு போலயேன்னு. யாரும் எறங்கி விசாரிக்கல. தோரணமே சொல்லிருச்சு.

இங்க கலியாணம் கோயில்லதான். சுத்திக் கலரு காகிதத்தச் சுருட்டி ஒட்டிருவாக. யாரும் ஓலை கேக்க மாட்டாக. இத ஞாபகம் வச்சுக்கங்க, பின்னால வேணும்.

4

நான் ஊருக்கு வந்தது கடல் பொங்குறதுக்கு ஒரு வருசம் முந்தி. கல்லலுக்கு வயிரவன் வீட்டுக்குப் போனேன். அவன் இங்க தோட்டத்துல, அவன் பொண்டாட்டி பொன்னாத்தா அங்குட்டு. நடுவுல ரெண்டு தடவை ஊருக்குப் போயி வந்திருந்தான். சின்ன வீடுதான், ஆனா நெலையில பூரான் செதுக்கி வச்சிருந்தான். பாத்ததும் சிரிப்பு வந்துருச்சு.

பொன்னாத்தா ஆட்டுக்கறி ஆக்கிப் போட்டுச்சு. நான் கை கழுவி வரவும் வெத்தலைத்தட்டக் கொண்டாந்து முன்னால வச்சு, "அண்ணே, வள்ளிய எங்க மகனுக்குக் குடுத்துருங்க. மொறைப்பொண்ணு இருக்கயில வெளியில தேடலாமா?"ன்னுச்சு. மொறைதான். கேக்க வேண்டிய எடந்தான். பையனும் நல்ல பையன், கதவோரமா நின்னுக்கிட்டு இருந்தான். ஆனா வள்ளி இங்க பொறந்தவ. கல்லல்ல கொண்டு போயி விட்டா அவ ரயில் சத்தத்தக் கேட்டு அழுதுக்கிட்டு இருப்பா. இங்கயே ஒரு கிராணி மகன் கேட்டுக்கிட்டு இருந்தான், அவளுக்கும் பிடிச்சிருந்துச்சு. பொன்னாத்தாகிட்ட இதச் சொல்ல எனக்குத் தெம்பு வரல. போயி எழுதுறேன் தாயின்னுட்டு ரயிலேறிட்டேன். வெத்தலைய எடுக்கல.

இங்க வந்து வயிரவன்கிட்ட நேருலயே சொன்னேன், குடுக்கிறதுக்கில்லடான்னு. சத்தம் போடுவான், கோயில்ல நாலு பேரக் கூட்டி நியாயம் கேப்பான்னு நெனைச்சேன். அவன் உளியத் தீட்டிக்கிட்டே, "பொண்ணு ஒங்களுது மச்சான், சீரு என்னுது. தாய்மாமன் சீர மட்டும் வேணாம்னு சொல்லிப்புடாதீக"ன்னான். அம்புட்டுத்தான். அன்னைக்கே எனக்குள்ள ஒன்னு உறுத்துச்சு. கோவப்பட வேண்டிய எடத்துல கோவப்படாதவன நம்பலாமா? உள்ளுக்குள்ள என்னத்தச் சுருட்டி வச்சிருக்கானோன்னு அவன் மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன், ஒரு வருசம்.

5

வள்ளி கலியாணத்துக்குக் கலரு காகிதம் வேணாம், நம்மூரு மாதிரி லயத்து வாசல்ல பந்தல் போட்டு ஓலைத் தோரணம் கட்டுவோம்னு சொன்னதே வயிரவன்தான். சரி, தோரணம் ஒன் பொறுப்பு மாப்ளன்னு விட்டுட்டேன். பக்கத்துல மலாய்க்காரவுக ஊரு, கம்பம்பாக, அங்க தென்னங்குருத்து கேட்டு வாங்கிட்டு வந்தான்.

கலியாணத்தன்னைக்கு விடிஞ்சு வெளிச்சம் வந்ததும் பந்தலப் பாக்கப் போனேன். யாரும் எந்திரிச்சு வரல. சமையக்காரவுக மட்டும் பின்னால பாத்திரம் உருட்டிக்கிட்டு இருந்தாக. வாசல்ல தோரணம் தொங்குது. அழகாத்தான் இருந்துச்சு. ரெண்டு ஓலைக்கு நடுவுல ஒரு பெரணி எலையச் செருகி, பச்சையும் வெள்ளையுமா. கிட்டப் போயிப் பாத்தேன். குருவி மூணு. தலை கீழ.

ஒரு ஓலை தப்பிப் போயிருக்கும்னு அடுத்ததப் பாத்தேன். மூணு. அதுக்கடுத்ததும் மூணு. இந்தக் கோடியிலயிருந்து அந்தக் கோடி வரைக்கும், எம் மக கலியாண வாசல்ல, சாவுத் தோரணம்.

நான் சத்தம் போடல. அபசகுனத்த வாயால சொன்னா அது பலிச்சுரும்னு எங்கம்மா சொல்லும். ஒத்தை ஆளா அம்புட்டையும் இழுத்து அத்து, சுருட்டிக் கொண்டு போயிப் பின்னால காவாய்க்குள்ள போட்டேன். மாவிலைய ஒடிச்சுக் கட்டுனேன். கை பூரா நாரு சுத்திக்கிட்டு நின்னுச்சு, அத உருவி எறிஞ்சேன். அப்புறம் வயிரவனக் கூட்டிக்கிட்டு விறகுக் கொட்டகைக்குப் பின்னால போனேன்.

தோரணம் யாரு கட்டுனதுன்னு கேட்டேன். அவன் பந்தல் பக்கம் திரும்பிப் பாத்தான். அங்க செல்வம் புதுச்சட்டை போட்டுக்கிட்டு வாழைமரம் நட்டுக்கிட்டு இருந்தான். அப்பப் பதினெட்டு வயசு. வயிரவன் திரும்பி, "நான்தான் மச்சான்"னான்.

"குருவி எத்தனைடா?"

"எண்ணலையே. என்ன ஆச்சு?"

"மூணு. தலை கீழ."

மொகம் செத்துப் போச்சு அவனுக்கு. மறுபடியும் பந்தலப் பாத்தான். கீழ பாத்தான். கள்ளன் கண்ணு ஒரு எடத்துல நிக்காதுன்னு நான் நெனைச்சுக்கிட்டேன். அவசரத்துல கை மாறிப்போச்சு மச்சான்னான். ஆசாரிக்கு எண்ணத் தெரியாமப் போச்சாடான்னேன். அதுக்கு மேல நான் சொன்னத, வாத்தியாரு வேணாம்ங்கிறாரு, நான் எழுதச் சொல்லுறேன்.

"ஒம் மகனுக்குக் குடுக்கலைன்னு எம் மகளுக்குப் பாடை கட்டுறியா?"

"அப்படி நெனைச்சீகன்னா நெனைச்சுக்கங்க மச்சான். இன்னைக்கு இத இதோட விடுங்க. புள்ளைக காதுல விழ வேணாம்"னான்.

கொஞ்ச நேரத்துல சீர்த்தட்டத் தலையில வச்சுக்கிட்டு மேளத்தோட வந்தான். பட்டுச்சேலை, வளையலு, தேங்கா, பழம், ஒரு கொறையில்ல. சிரிச்சுக்கிட்டே வந்தான். சனமெல்லாம் தாய்மாமன்னா இப்படியில்ல இருக்கணும்னு பேசிக்கிட்டாக. எனக்கு அந்தச் சிரிப்பு நெஞ்சுல முள்ளாக் குத்துச்சு.

6

மறு வருசம் வள்ளிக்குப் பொறந்த மொதப் புள்ளை தங்கல. பெரிய ஆசுபத்திரியில துணியில சுத்திக் குடுத்தாக. அதுக்கும் பெட்டி நான்தான் செஞ்சேன். ஒரு மொழம் இருக்கும். செய்யயில மூணு குருவி, மூணு குருவின்னு மனசு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. வயிரவன் வந்து பலகை பிடிக்கக் கை நீட்டுனான். வேணாம்னுட்டேன்.

கோலாலம்பூர்ல கலவரம் நடந்து ஊரடங்கு போட்டாகளே, அதுக்கு மறு வருசம் கார்டு பிரச்சினை வந்துச்சு. இந்த ஊரு ஆளுன்னா நீலக் கார்டு, வெளியாளுன்னா செவப்புக் கார்டு. செவப்புக் கார்டுக்காரன் இனிமே வேலை பாக்கணும்னா தனியா அனுமதி வேணும்னான். நான் முந்தியே நீலக் கார்டு வாங்கிட்டேன். அதுவே ஒரு கூத்து. என்ன தொழில்னு மலாய்ல கேட்டான். மரத்துக்கு அவுக பாசையில காயு, எலைக்கு டாவுன். பயத்துல மாத்தி, துக்காங் டாவுன்னு சொல்லிட்டேன். எலைத்தச்சன். ஆபீசரு மேசையத் தட்டித் தட்டிச் சிரிச்சுட்டு முத்திரை போட்டான். எதுக்குச் சிரிக்கிறான், என்னத்த எழுதிக்கிட்டானோன்னு ஒரு மாசம் எனக்குத் தூக்கமில்ல.

வயிரவன் நாளைக்கு ஊருக்குப் போயிருவோம், நாளைக்குப் போயிருவோம்னே கார்டு மாத்தாம விட்டுட்டான். இப்ப மாத்தணும்னா இத்தனை வருசமா இங்க இருக்கான்னு ரெண்டு பேரு சாட்சி சொல்லணும். ஒருத்தரு கிராணி, ஒத்துக்கிட்டாரு. இன்னொருத்தரு கூட வந்த ஆளா இருக்கணும், எந்தக் கப்பலு, எப்ப எறங்குனான்னு சொல்லணும். காகிதத்தத் தூக்கிக்கிட்டு எங்கிட்ட வந்தான். விசாலம் காப்பி போட்டுக் குடுத்துட்டு அங்கனயே நின்னா.

கைநாட்டு வைங்க மச்சான்னான். நான் காகிதத்தப் பாத்தேன். எழுத்து தெரியாட்டியும் பாத்தேன்.

"எந்தக் கப்பலு, எப்ப வந்தோம்னு எனக்கு நெனைவில்ல"ன்னேன்.

என்னைய அறிஞ்சவுகளுக்குத் தெரியும். எந்த வீட்டு நெலைக்கு எந்த நாளு முகூர்த்தம் வச்சதுன்னு நாப்பது வருசத்துக்கு முந்தினதச் சொல்லுவேன். அவனுக்குத் தெரியாதா?

"நீங்களா மச்சான் மறந்தீக? கப்பல்ல எனக்கு எத்தனாவது நாளு வாந்தி நின்னுச்சுன்னு கூடச் சொல்லுவீகளே"ன்னான்.

"நெனைவில்ல."

காகிதத்த மடிச்சுச் சட்டைப்பையில வச்சான். காப்பிய மீதி வைக்காம குடிச்சு முடிச்சான். அக்கா வாரேன்னுட்டு எறங்கிப் போனான். அடுத்த கப்பலுக்குப் போயிட்டான். முப்பது வருசத்துக்கு மேல பாடுபட்டவன், ஒரு தகரப்பெட்டியோட. விசாலம் ஏன்னு ஒரு தடவை கேட்டா. நான் சொல்லல. அவ ரெண்டாந்தடவை கேக்கல. அன்னையிலயிருந்து கல்லல்ங்கிற பேரு எங்க வீட்டுல இல்ல.

7

இந்த வருசம் வைகாசியில வள்ளியோட சின்ன மகளுக்குக் காதுகுத்து. மகராசி, அதுக்கப்புறம் மூணு புள்ளை பெத்தா, மூணும் நல்லா இருக்கு. இப்ப டவுன்ல இருக்காக. பேரப்புள்ளைக எங்கிட்டத் தமிழ்ல பேசும், அதுகளுக்குள்ள மலாயும் இங்கிலீசும்தான். நான் உள்ள வந்தா சட்டுன்னு பேச்ச நிப்பாட்டும். என்னையப் பத்தித்தான் பேசுதுகளோன்னு இருக்கும். இருக்காது. இருந்தாலும்.

தாய்மாமன் மடியில வச்சுத்தானே காது குத்தணும்? தாய்மாமன் யாரு? செல்வம். ஆளு இப்ப பெரிய பட்டறையில வேலை, தொந்தி வந்துருச்சு. அவுக மாமா மாதிரியே சீரெல்லாம் கொண்டாந்தான். வாசல்ல ஒக்காந்து குருத்தோலை மடிச்சுக்கிட்டு இருந்தான். நான் நாக்காலியில இருந்து பாத்துக்கிட்டு இருந்தேன். அதே கை. ரெண்டு மடக்கு, ஒரு கிழி. நடுவுல ஒரு பெரணி எலையச் செருகுனான். கருப்பு நாரால முடிச்சுப் போட்டுத் தூக்கிப் பிடிச்சான்.

மூணு குருவி. தலை கீழ.

ஒக்காந்தபடியே யாருடா இப்படிக் கட்டச் சொல்லிக் குடுத்தான்னு கேட்டேன்.

"நீங்கதான்பா"ன்னான், தலைய நிமித்தாம. "எத்தனை வீட்டுக்கு ஒங்ககூட வந்து கட்டியிருக்கேன்."

"அதெல்லாம் சாவு வீடுடா."

"ஆமா. அதுக்கென்ன?"

"நல்லதுக்கு வேற மாதிரி."

"வேறயா?" அப்பத்தான் நிமிந்து பாத்தான். "நல்லதுக்கு நீங்க எங்கப்பா தோரணம் கட்டுனீங்க? எல்லாம் கலரு காகிதம்தானே. அக்கா கலியாணத்துக்கு ஒன்னுதான் ஓலை. அதையும் மாமா கட்ட ஒக்காந்தாரு, நான்தான் எனக்கு நல்லா வரும் மாமான்னு பிடுங்கிக்கிட்டேன். காலையில பாத்தா காணோம், மாவிலை தொங்குது. ஆடு தின்னுருச்சு போலன்னு நெனைச்சேன்."

சொல்லிட்டுச் சிரிச்சான்.

அவன் கையில இருந்தத வாங்கிப் பாத்தேன். பெரணி நாரு. அன்னைக்குக் கலியாண வாசல்ல என் கை பூரா சுத்திக்கிட்டு நின்னதும் இதே கருப்பு நாருதான். வயிரவன் எந்தக் காலத்துல வாழைநார விட்டு வேற நாரத் தொட்டான்? குருவியத்தான் எண்ணுனேன். கையில இருந்த நார நான் பாக்கல.

விறகுக் கொட்டகைக்குப் பின்னால அவன் எதுக்குப் பந்தலப் பந்தலப் பாத்தான்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு. அங்க செல்வம் நின்னுக்கிட்டு இருந்தான். அக்கா வாசல்ல சாவுத் தோரணம் கட்டுனவன்னு ஒரு பேரு விழுந்தா, அதுவும் மொதப் புள்ளை தங்காமப் போன பின்னால, அந்தப் பய எப்படித் தலை நிமிந்து நடப்பான்? தாய்மாமன் அதத் தன் தலையில வாங்கிக்கிட்டான். கார்டுக்குக் காகிதம் தூக்கிட்டு வந்தன்னைக்காச்சும் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நான் கைநாட்டு வச்சிருப்பேன். அப்பவும் சொல்லல.

நான் செல்வத்துக்கு நாலு குருவி மடிச்சுக் காட்டுனேன், தலை மேல பாக்க. ஒரு தடவைதான் காட்டுனேன். பிடிச்சுக்கிட்டான். சொல்லிக் குடுக்க அம்புட்டு நேரந்தான் ஆச்சு.

8

விசாலத்துக்கிட்ட மறுநாளே சொல்லிட்டேன். அவ கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தா. முழுசும் கேட்டா. அழுவாள்னு நெனைச்சேன். கீரைய முடிச்சு, தண்டத் தனியா ஒதுக்கிட்டு, "எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப் போகுது? ஊர்ல எல்லாரும் அவன் ஏதோ தப்புப் பண்ணிட்டுத்தான் மச்சானே கைவிட்டுட்டாருன்னு பேசுறாக. நான் சொன்னா தம்பிக்குப் பரிஞ்சு பேசுறேம்பாக. நீங்க ஊரறியச் சொல்லுங்க"ன்னா. அப்பத்தான் மலருக்கு எழுதச் சொல்லிக் கடுதாசி வந்து கெடந்துச்சு.

அதனால ஊராரே, இது பொழப்பப் பத்தின கட்டுரையில்ல. மன்னிச்சுக்கங்க.

வயிரவன் இருக்கானாம். ரெண்டு வருசம் முந்தி ஊருக்குப் போயி வந்த ஒருத்தரு ரயிலடியில பாத்தேன்னாரு, கண்ணு மங்கிப் போச்சாம். அவனுக்கும் எழுத்து தெரியாது. நான் கடுதாசி போட்டா வேற யாராச்சும் பிரிச்சுப் பாதியப் படிச்சு மீதிய முழுங்கிருவாக, எனக்குத் தெரியும். இந்த மலரு கையில இருக்கிறவுக யாராச்சும் கல்லல் பக்கம் போனா இதையும் கொண்டு போங்க. ரயிலடிக்குத் தெக்க, வேப்பமரத்துக்கு அங்குட்டு மூணாவது வீடு. சந்தேகம்னா நெலையப் பாருங்க, பூரான் இருக்கும். பொன்னாத்தாவையும் கூட ஒக்கார வச்சு முழுசும் படிச்சுக் காட்டுங்க. அது வச்ச வெத்தலைய எடுக்காம வந்தவன் நான்.

இன்னொன்னு. கல்லலுக்கு எடுத்துக்கிட்டுப் போறத இங்குட்டு யாரும் திருப்பி எழுதிப்புடாதீக. செல்வத்துக்கு இது தெரியாது. அவனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும், மலரு வந்தாலும் படம் பாத்துட்டு வச்சுருவான். அவுக மாமா இத்தனை வருசம் மறைச்சத நான் ஒடைக்கக்கூடாது. வாத்தியாருகிட்டயும் சத்தியம் வாங்கியிருக்கேன், ரெண்டு தடவை.

முழுசும் படிக்க நேரமில்லாதவுக இத மட்டுமாச்சும் அவன்கிட்டச் சொல்லிருங்க. ஆறுமுகத்துக்குக் கப்பல் நெனைவு வந்திருச்சு. ஒனக்கு வாந்தி நின்னது நாலாம் நாளு, வெயிலேறுன பெறகு. கஞ்சித் தண்ணி கேட்ட. நான்தான் கொண்டாந்து குடுத்தேன்.